பிழையில் பிறந்த ராஜா

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய லருஸ் அகராதி கைக்கு வந்தது. அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டிய புத்தகம். புரட்டிக்கொண்டே போனால் ஒரு பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கிரீடம் வரைந்திருந்தது. வரைந்தது நான்தான். அப்போது எனக்கு வயது பதினான்கு.

என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'திக்தே' என்றால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். வாத்தியார் நிதானமாக வாசித்துக்கொண்டே போவார். நாம் காதால் கேட்டதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். இருபது மதிப்பெண்ணில் தொடங்கி, பிழைக்குப் பிழை குறைத்துக்கொண்டே வருவார்கள். அன்றைக்கு எங்கள் மிசியே முதலில் ஒரு தலைப்பைச் சொன்னார்: "லெ ருவா தே ஸோன்". 'ருவா' என்றால் ராஜா என்று தெரியும். 'ஓன்' என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் அகராதி பார்த்து அர்த்தம் எழுதி வாருங்கள் என்றார்.

பார்த்தால், அகராதியில் அந்த உச்சரிப்புக்கு இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, தண்ணீர் ஓரத்தில் வளரும் ஏதோ ஒரு மரம். இன்னொன்று, துணி அளக்கும் பழைய காலத்து அளவு. மரத்தைப் பார்த்ததில்லை. துணிக்கடையைப் பார்த்திருக்கிறேன். ஆகவே 'துணி அளக்கும் கோல்களின் ராஜா' என்று எழுதிக்கொண்டு போனேன். வகுப்பே சிரித்தது. மிசியே மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்காதீர்கள். இந்த ராஜாவே இப்படி ஒரு பிழையில் பிறந்தவன்தான்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது.

அந்த 'ஓன்' ராஜா ஜெர்மன் மகாகவி கதேயின் பாட்டில் வருகிறவன். மூலத்தில் அவன் பெயர் 'எர்ல்கோனிக்'. 'எர்லெ' என்பது ஆல்டர் மரம், 'கோனிக்' என்பது ராஜா. அதைத்தான் பிரெஞ்சில் 'ஓன் மரங்களின் ராஜா' என்று மொழிபெயர்த்தார்கள். பாட்டின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நள்ளிரவு, காற்று. ஒரு தகப்பன் தன் சின்னப் பையனை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறான். பையன் பயப்படுகிறான். கிரீடமும் நீண்ட அங்கியுமாக ஒரு ராஜா நிற்பது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அது பனிமூட்டம் என்கிறான் தகப்பன். ராஜா பையனை ஆசை காட்டி அழைக்கிறான்: விளையாட்டு உண்டு, பூக்கள் உண்டு, என் பெண்கள் உன்னைத் தாலாட்டுவார்கள். காய்ந்த இலைகளின் சலசலப்பு அது என்கிறான் தகப்பன். கடைசியில் ராஜா, விருப்பத்தோடு வராவிட்டால் பலவந்தமாகப் பிடித்துக்கொள்வேன் என்கிறான். பையன் அலறுகிறான். தகப்பன் நடுங்கிப்போய்க் குதிரையை விரட்டுகிறான். எப்படியோ முற்றம் வந்து சேர்கிறான். கையில் இருந்த பிள்ளைக்கு உயிரில்லை.

இவ்வளவு பயங்கரமான பாட்டு முதலில் அரங்கேறிய விதம் வேடிக்கையானது. 1782 ஜூலையில், வைமர் நகரத்துக்குப் பக்கத்தில் தீஃபுர்ட் என்ற இடத்தில், இல்ம் ஆற்றங்கரையில் திறந்தவெளியில் ஒரு சின்னப் பாட்டு நாடகம் நடந்தது. பெயர் 'செம்படவப் பெண்'. இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவும், தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் நேரத்துக்கு வரவில்லை என்று காத்திருக்கும் ஒரு பெண், பொழுது போவதற்காக இந்தப் பாட்டைப் பாடுகிறாள். நம் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டே அல்லி அரசாணி மாலை பாடுவார்களே, அந்த மாதிரி. பாடி நடித்தவர், மெட்டு அமைத்தவர் எல்லாம் கொரோனா ஷ்ரோட்டர் என்ற அம்மையார். பெயரைக் கேட்டு யாரும் முகக்கவசம் தேட வேண்டாம். அந்தச் சொல்லுக்குக் கிரீடம் என்றுதான் பொருள்.

இனி, பிழைக்கு வருவோம். எர்ல்கோனிக் என்ற பெயரைக் கதே தாமாக உண்டாக்கவில்லை. அதே வைமரில் மதகுருவாகப் பெரிய பதவியில் இருந்த ஹெர்டர் என்ற அறிஞரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பாமரர் பாட்டில்தான் ஒரு இனத்தின் ஆன்மா இருக்கிறது என்று நம்பியவர் ஹெர்டர். பல நாட்டு ஜனங்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்து, ஜெர்மனில் மொழிபெயர்த்து, 1778-லும் 1779-லுமாக இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் டென்மார்க்கிலிருந்து வந்த கதைப்பாட்டு ஒன்று. ஓலுஃப் என்ற பிரபு தன் கல்யாணத்துக்கு ஆட்களை அழைக்க இரவில் குதிரையில் போகிறான். வழியில் தேவதைக் கூட்டம் நடனமாடுகிறது. அவர்களுடைய ராஜாவின் மகள் தன்னோடு ஆட வரும்படி அழைக்கிறாள். நாளைக்கு எனக்குக் கல்யாணம், மாட்டேன் என்கிறான். அவள் அவன் நெஞ்சில் ஓர் அடி அடிக்கிறாள். மறுநாள் மணப்பெண் வந்து சிவப்புத் துணியை விலக்கிப் பார்க்கும்போது மாப்பிள்ளை பிணமாகக் கிடக்கிறான். நம் ஊர் மோகினிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

டேனிஷ் பாட்டில் அந்த ராஜா 'எல்வெர்' ராஜா, அல்லது 'எல்லெர்' ராஜா. இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'எல்ஃப்' என்கிறார்களே, அந்த இனத்தின் அரசன். ஆனால் வட ஜெர்மனியின் பேச்சு வழக்கில் 'எல்லர்' என்றால் ஆல்டர் மரம். ஹெர்டர் 'எல்லெர்' என்பதைப் பார்த்தார், மரம் என்று எடுத்துக்கொண்டார், தலைப்பில் 'எர்ல்கோனிக்கின் மகள்' என்று எழுதிவிட்டார். தெரிந்தே செய்திருப்பார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அறிஞர்களில் பெரும்பாலோர் இதைப் பிழை என்றே சொல்கிறார்கள். அந்தப் பிழையைத்தான் கதே எடுத்துக்கொண்டு, மகளைப் பின்னால் தள்ளி, தகப்பனாகிய ராஜாவை முன்னால் கொண்டுவந்தார்.

இவ்வளவு படித்த மனிதருக்கு 'எல்ஃப்' என்ற சொல் எப்படிப் பிடிபடாமல் போயிற்று? அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆதியில் ஜெர்மன் பேசியவர்களிடமும் அந்த இனம் இருந்தது. 'அல்ப்' என்று பெயர். காலப்போக்கில் ஜெர்மனியில் அந்த அல்ப் சீரழிந்து, தூங்குகிறவர்களின் நெஞ்சில் ஏறி உட்காரும் கெட்ட ஆவியாகிவிட்டது. நம் கிராமங்களில் 'அமுக்குப் பேய்' என்பார்களே, அதுவேதான். கெட்ட கனவுக்கு இன்றும் ஜெர்மனில் 'அல்ப் கனவு' என்றுதான் பெயர். நாம் பள்ளியில் படித்த 'கொஷ்மார்' என்ற பிரெஞ்சுச் சொல்லையும் பிரித்துப் பாருங்கள். முன்பாதிக்கு அமுக்குவது என்று பொருள். பின்பாதியான 'மார்' வடக்கேயிருந்து வந்த இரவுப் பேயின் பெயர். ஆங்கிலத்தின் 'நைட்மேர்' என்பதிலும் அதே பேய்தான் இருக்கிறது, பெண் குதிரை அல்ல. ஆக, அழகாக நடனமாடும் தேவதை என்ற பொருளில் ஜெர்மனில் வழக்கமான சொல் இல்லாமல் போயிருந்தது. 1760-களில் ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர்கள் ஆங்கிலத்திலிருந்து 'எல்ஃப்' என்ற சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. சொந்தப் பிள்ளையை ஊர் மாறிப்போன பிறகு வேற்றாளாகக் கூப்பிட்ட கதை.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். தேவதைகளின் ராஜாவுக்கு ஜெர்மனியில் ஏற்கெனவே ஒரு சொந்தப் பெயர் இருந்தது: அல்பெரிக். 'அல்ப்' அந்த இனம், 'ரிக்' என்றால் ஆள்பவன். 1200 வாக்கில் எழுந்த நிபெலுங்கன் காவியத்தில் இந்த அல்பெரிக் புதையலைக் காக்கும் குள்ளனாக வருகிறான். அவனிடமிருந்துதான் வீரன் சீக்ஃப்ரீட் ஆளை மறைக்கும் மாயப் போர்வையைப் பறிக்கிறான். அதே பெயர் பிரான்சுக்குப் போனதும் 'ஓபெரோன்' ஆயிற்று. 'அல்' எப்படி 'ஓ' ஆகும் என்று கேட்காதீர்கள். ஒரு குதிரை என்றால் 'ஷெவால்', பல குதிரைகள் என்றால் 'ஷெவோ' என்று நாம் உருப்போட்டோமே, அதே மாற்றம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் 'உய்யோன் தெ போர்தோ'வில் ஓபெரோன் மூன்றடி உயரம், முகமோ பேரழகு. ஜூலியஸ் சீசருக்கும் மோர்கன் என்ற தேவதைக்கும் பிறந்த பிள்ளையாம்! அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய் ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் தேவதை ராஜா ஓபரான் ஆனான்.

சுற்றியலைந்தவன் கடைசியில் ஊருக்கே திரும்பினான். 1780-ல் வீலாண்ட் என்ற கவிஞர் 'ஓபெரோன்' என்று ஒரு நீண்ட காவியம் எழுதினார். இந்த வீலாண்ட் எங்கே இருந்தார் தெரியுமா? அதே வைமரில்தான். அவரும் கதேயும் ஹெர்டரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். அந்தச் சின்ன ஊரில், இரண்டே வருட இடைவெளியில், ஒரே ராஜா இரண்டு பெயரில் வந்து இறங்கினான். 1780-ல் ஓபெரோன், 1782-ல் எர்ல்கோனிக். ஒன்று வேர் பிறழாத பெயர், பிரெஞ்சு உடை போட்டது. மற்றது பிழையான பெயர், சுத்தமான ஜெர்மன் உடை போட்டது. பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரை அறியமாட்டார்.

இரண்டு பெயரில் எது நிலைத்தது? சந்தேகமில்லாமல் பிழையான பெயர்தான். 1815-ல் வியன்னாவில் பதினெட்டு வயதுப் பையன் ஷூபர்ட் இந்தப் பாட்டுக்கு இசையமைத்தான். பியானோவில் குதிரைக் குளம்பு ஓயாமல் தடதடக்க, கதை சொல்பவன், தகப்பன், பிள்ளை, ராஜா நால்வரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். மறுவருடம் ஷூபர்ட்டின் நண்பர் இந்தப் பாட்டையும் வேறு சிலவற்றையும் கதேக்கு அனுப்பி வைத்தார். பதில் கடிதம் இல்லாமல் கட்டு திரும்பி வந்தது. 1821-ல் அது அச்சாகி, ஷூபர்ட்டின் முதலாம் எண் படைப்பு என்ற பெயரோடு வெளிவந்தது. அப்புறம் உலகம் முழுவதும் எர்ல்கோனிக்தான். 1970-ல் பிரான்சில் மிஷேல் துர்னியே 'லெ ருவா தே ஸோன்' என்ற அதே பெயரில் ஒரு நாவல் எழுதினார். நாஜிகளின் ராணுவப் பள்ளிக்காகக் குதிரையில் சுற்றிச் சிறுவர்களைச் சேர்க்கும் ஒரு பிரெஞ்சுக் கைதியின் கதை. அந்த வருடத்துக் கோன்கூர் பரிசு அதற்குத்தான். ஜெர்மனியில் கார் கம்பெனிகள் புது மாடலை வெளியிடுவதற்கு முன்னால் உருவத்தை மறைத்துச் சாலையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி மாறுவேடத்தில் ஓடும் காருக்கு 1950-களிலிருந்து அங்கே என்ன பெயர் தெரியுமா? எர்ல்கோனிக்!

ஒரு பிழைக்கு ஏன் இத்தனை ஆயுசு? நான் யோசித்துப் பார்த்து கண்டுகொண்டது இதுதான். அர்த்தமில்லாத பிழை உடனே பிடிபட்டுவிடும். படிக்கிறவன் தடுக்கி விழுவான், திரும்பிப் பார்ப்பான், திருத்துவான். அர்த்தமுள்ள பிழையில் யாரும் தடுக்கி விழுவதில்லை. ஆல்டர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வளர்வது சதுப்பிலும் ஆற்றோரத்திலும். இரவில் பனிமூட்டம் இறங்குவதும் அங்கேதான். வெட்டியவுடன் வெள்ளையாக இருக்கும் கட்டை, காற்றுப் பட்டதும் ரத்தம் கசிவதுபோல் சிவந்துவிடும். பேய் குடியிருக்க இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்குமா? டென்மார்க் கிராமத்தாரே 'எல்லெ' ஜனங்கள் ஆல்டர் சதுப்பில் வசிப்பதாகச் சொல்வதுண்டு. அவர்கள் மொழியிலும் அந்த மரத்தின் பெயர் அப்படித்தான் ஒலிக்கும். அந்த இனத்துப் பெண்கள் முன்னால் பார்த்தால் அழகிகள், பின்னால் பார்த்தால் முதுகு மாவு பிசையும் மரத்தொட்டிபோல் குழிவாக இருக்குமாம். ஆகவே ஹெர்டரின் பிழை விழுந்த இடம், விழுவதற்கென்றே பறித்துவைத்த குழி. மரத்தின் பெயரைக் கொண்டவனை கேட்டவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

இதை எழுத நான் உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பல வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த பிரிவு ஒன்றில், பிரெஞ்சுக் காலத்துப் பழைய பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதிக் கொடுப்பது என் வேலை. பிரெஞ்சு படித்தவன் என்பதால் அந்தக் கட்டு முழுவதும் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு மூதாட்டி, புருஷன் இறந்துபோய், குடும்பப் பென்ஷனுக்காக நகல் கேட்டு வந்தார். பதிவேட்டில் புருஷன் பெயர் வேலு. பிரெஞ்சு முறையில் அதன் கடைசி எழுத்து 'உ'. மை மங்கிய அந்தக் காலத்துக் கையெழுத்தில் 'உ' எழுத்தும் 'ன்' எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். நான் 'ன்' என்று படித்தேன். 'வேலோன்' என்று எழுதி, மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வேலோன் முருகன் பெயர் ஆயிற்றே! யாருக்குச் சந்தேகம் வரும்? நான் வேறு ஏதாவது உளறி எழுதியிருந்தால் கையொப்பம் போட்டவராவது கேட்டிருப்பார். பென்ஷன் கொடுக்கும் இடத்தில் மட்டும், மற்ற தாள்களில் வேலு, இதில் வேலோன், இருவரும் ஒருவர்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா என்னிடம் வராமல் வேறு வேறு ஆட்களிடம் அலைந்திருக்கிறார். யாரோ சொல்லி மறுபடி என் மேஜைக்கு வந்தபோது பத்து மாதம் ஆகியிருந்தது. முதலில் வந்தபோது காதில் கம்மல் இருந்தது. இப்போது இல்லை. ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் கீழேதான் சேர்ந்திருந்தன. 'உ'தான். கண்ணை நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "பழைய காலத்து எழுத்தும்மா, சரியாக எழுதாமல் விட்டிருக்கிறார்கள்" என்று சொன்னேன். எப்போதோ செத்துப்போன ஒரு குமாஸ்தாவின் தலையில் என் பிழையை வைத்தேன். அன்றைக்கே புது நகல் எழுதி நானே எடுத்துப் போய்க் கையொப்பம் வாங்கிக் கொடுத்தேன். "நல்லா இருப்பே தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆசீர்வாதம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னும் இறங்கவில்லை.

ஹெர்டர் செய்ததும் நான் செய்ததும் ஒரே தவறுதான். எழுத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அர்த்தத்தை அதன்மேல் ஏற்றி, மேலே போய்விடுவது. அவர் பிழையால் உலகத்துக்கு ஒரு ராஜா கிடைத்தான். என் பிழையால் ஒரு மூதாட்டியின் கம்மல் போயிற்று. இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க இன்று அந்த அம்மா இல்லை. அவருடைய பேரன் பேத்திகள் யாராவது ஊரில் இருக்கக்கூடும். அவர்களுக்காகவாவது எழுதி வைக்கிறேன்: அன்று பதிவேட்டில் பிழை இல்லை. பிழை என்னுடையது.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பத்திரங்கள் இருக்கும். ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அப்பா பெயர், தாத்தா பெயர், பாட்டி பெயர் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, பார்த்தவுடன் சரிபோலத் தோன்றும் பெயரை இன்னொரு முறை பாருங்கள். திருத்த வேண்டியது இருந்தால் நாம் இருக்கும்போதே திருத்திவிடுவோம். பிள்ளைகளை அலையவிட வேண்டாம்.

லருஸை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். ஓரத்துக் கிரீடத்தை அழிக்கவில்லை. அது துணி அளக்கும் கோலுக்கு எதிரேதான் இருக்கிறது.